‘கவனம் போதவில்லை’ என்று சொல்லிவிட்ட பிறகு

ஒரு குழுவை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்து ஏழெட்டு மாதங்கள் ஆகியிருந்தன. மாதந்தோறும் நிர்வாகத்துக்குப் போகும் வரவு செலவு அறிக்கையைத் தயாரித்துவந்த இளைஞர் ஒருவரின் கணக்கில், தொடர்ந்து மூன்று மாதங்கள் ஏதாவது ஒரு தொகை பிசகிக்கொண்டே இருந்தது. மூன்றாவது முறை மேலிடத்திலிருந்து கேள்வி என்னிடமே வந்துவிட்டதால், அன்று மாலையே அவரை அறைக்கு அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, குரலை உயர்த்தாமலும் முகத்தைக் கடுமையாக்கிக்கொள்ளாமலும், மிகப் பக்குவமாகப் பேசுவதாக எண்ணிக்கொண்டு, “உங்கள் வேலையில் கவனம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் பொறுப்போடு செய்ய வேண்டும்” என்றேன். அவர் “சரி மேடம்” என்றார். ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது. சங்கடமான வேலை ஒன்றை நாசூக்காக முடித்துவிட்ட நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த மாத அறிக்கை இரண்டு நாள் தாமதமாக வந்தது; அதிலும் ஒரு தொகை தவறாகவே இருந்தது. அதைவிட என்னை உறுத்திய மாற்றம் வேறு. அதுவரை வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது என் மேசைக்கு வந்து, “இந்தச் செலவை எந்தத் தலைப்பில் சேர்ப்பது?” என்று கேட்டுக்கொண்டிருந்தவர், அந்த மாலைக்குப் பிறகு ஒருமுறைகூட வரவில்லை. கேள்வி கேட்டால் அதுவும் கவனக்குறைவின் கணக்கில் எழுதப்பட்டுவிடும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

கடைசியில் ஒரு பிற்பகல், நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “நீங்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்யுங்கள், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்றேன். நாற்பது நிமிடத்தில் விஷயம் விளங்கிவிட்டது. அவருக்கு இரண்டு இடங்களிலிருந்து எக்செல் கோப்புகள் வந்துகொண்டிருந்தன. ஒன்றில் நாள் முன்னும் மாதம் பின்னுமாகவும், மற்றதில் மாதம் முன்னும் நாள் பின்னுமாகவும் தேதி எழுதப்பட்டிருந்தது. இரண்டையும் ஒரே தாளில் ஒட்டும்போது, ஏப்ரல் 3ஆம் தேதிச் செலவு மார்ச் 4ஆம் தேதிக்குத் தாவிவிடும். 12ஆம் தேதி வரையிலான பதிவுகள் இப்படி மாதம் மாறிப் போக, 13 முதலான பதிவுகளை, 13ஆவது மாதம் என்று ஒன்று இல்லாத காரணத்தால், எக்செல் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டு, மாதக் கூட்டலில் சத்தமில்லாமல் விட்டுவிடும். இந்த இளைஞர் மாதாமாதம் இருநூறு முந்நூறு வரிகளைக் கண்ணால் பார்த்துக் கையால் திருத்திக்கொண்டிருந்தார். அதில் ஒன்றிரண்டு தப்பிவிடும்; அவ்வளவுதான் நடந்தது. கவனம் இல்லாதவர் என்று நான் முடிவு கட்டியிருந்த மனிதர், அலுவலகத்தில் வேறு யாரும் செலவிடாத அளவு கவனத்தை அந்தத் தாளில் கொட்டிக்கொண்டிருந்தார். கோப்பு அனுப்புபவரிடம் தேதி அமைப்பை மாற்றச் சொல்லி ஒரு மின்னஞ்சல் எழுதியதும் சிக்கல் தீர்ந்தது. “இதை ஏன் முன்பே சொல்லவில்லை?” என்று கேட்க வாயெடுத்து, நல்லவேளையாக நிறுத்திக்கொண்டேன். சொல்வதற்கு அவர் வந்துகொண்டிருந்த வழியை அடைத்தது நான்தானே.

அந்த ஐந்து நிமிடப் பேச்சைப் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதில் கடுஞ்சொல் இல்லை, அவமதிப்பு இல்லை, தகவலும் இல்லை. எந்த வரி தவறு, அதனால் யாருக்கு என்ன சிக்கல் நேர்ந்தது, அந்த வரி எப்படி உருவாகிறது என்ற எதையும் நான் பார்த்துவைத்துக்கொண்டு பேசவில்லை. விளைவை மட்டும் பார்த்துவிட்டு, அதற்குக் காரணம் அவருடைய குணம் என்று ஊகித்து, அந்த ஊகத்தை அவரிடம் தீர்ப்பாக வாசித்திருக்கிறேன். கவனம் போதாது என்று கேட்ட ஒருவர் மறுநாள் காலையில் வந்து எதை மாற்றிச் செய்வார்? முன்பு இருமுறை பார்த்ததை மும்முறை பார்ப்பார். அதனால்தான் அறிக்கை இரண்டு நாள் தாமதமானது.

பணியாளரிடம் எதையாவது சொன்னாலே அது நன்மையில் முடியும் என்ற நம்பிக்கை மேலாளர்களிடம் பரவலாக உண்டு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஆவ்ரஹாம் குளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள், பின்னூட்டத்தின், அதாவது ஒருவர் செய்த வேலையைப் பற்றி அவரிடமே திருப்பிச் சொல்வதன், பலன் குறித்து அதுவரை நடந்திருந்த சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்து 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 600க்கும் மேற்பட்ட ஒப்பீடுகளும் 23,000க்கும் மேற்பட்ட அவதானிப்புகளும் அடங்கிய அந்தத் தொகுப்பில், சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டம் செயல்திறனைக் கூட்டியிருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது. கேட்பவரின் கவனம் வேலையை விட்டு விலகி, ‘என்னைப் பற்றி இவர்கள் என்ன நினைக்கிறார்கள்’ என்ற திசையில் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம். இதைப் படித்தபோது எனக்கு அந்த “சரி மேடம்” நினைவுக்கு வந்தது. அந்த நொடியில் அவர் அறிக்கையைப் பற்றி நினைத்திருக்கவே முடியாது.

பின்னூட்டம் என்ற சொல் பொறியியலிலிருந்து வந்தது என்பதை இங்கே நினைவுகொள்வது எனக்கு உதவியாக இருக்கிறது. தொலைபேசித் தடங்களில் வைக்கப்படும் மின்பெருக்கிகளில் ஒலி சிதைவதைக் குறைப்பதற்காக, வெளியே வரும் சமிக்ஞையில் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி மீண்டும் உள்ளே ஊட்டும் முறையை 1927இல் ஹரால்ட் பிளாக் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். பெருக்கி நல்லதா கெட்டதா என்று அந்தச் சுற்று எதுவும் சொல்வதில்லை. வெளியே என்ன வந்தது என்பதைத் திருப்பிக் கொடுக்கிறது, பெருக்கி தன்னைச் சரிசெய்துகொள்கிறது. மனிதர்கள் மின்பெருக்கிகள் இல்லை என்பது தெரிந்ததே. இருந்தாலும், ‘வெளியே வந்தது இதுதான்’ என்று காட்டுவதற்கும் ‘நீ இப்படிப்பட்டவன்’ என்று சொல்வதற்கும் இடையே உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

ஆகவே இப்போதெல்லாம் பேசுவதற்கு முன், நான் சொல்லப்போவது என் கண்ணாலோ காதாலோ பிடிபட்டதுதானா என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். அக்கறையின்மை யார் கண்ணுக்கும் தெரியாது. வாடிக்கையாளர் கெடு தேதியைப் பற்றி இரண்டு முறை கேட்டும் பதில் வராதது எல்லோருக்கும் தெரியும். சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற அமைப்பு உருவாக்கிய ஒரு முறை மேலாண்மைப் பயிற்சிகளில் பரவலாகக் கற்றுத்தரப்படுகிறது: எந்தச் சூழலில், என்ன செய்தீர்கள், அதனால் என்ன விளைந்தது என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். எனக்கு இது பயன்பட்டிருக்கிறது. ஆனால் மூன்றையும் ஒப்பித்துவிட்டு உடனே அறிவுரைக்குத் தாவிவிடும் மேலாளர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றும் முடிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கடினமான பகுதி.

என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்த ஒரு பெண்மணி என் குழுவில் இருந்தார். வாடிக்கையாளர் அழைப்புகளில் எதிராளியைப் பேசவிடாமல் இடைமறிப்பார். ‘பொறுமையாகப் பேசுங்கள்’ என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஒரு அழைப்பு முடிந்த மறுநாள் காலை அவரிடம் இப்படிச் சொன்னேன்: “நேற்று அவர் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே மூன்று முறை நீங்கள் பதில் சொல்லத் தொடங்கினீர்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு, ‘மின்னஞ்சலில் அனுப்புங்கள்’ என்று அவர் முடித்துக்கொண்டார். அவருக்கு உண்மையில் என்ன தயக்கம் என்பது நமக்குத் தெரியாமலே போய்விட்டது.” அதோடு நிறுத்திக்கொண்டேன். பத்து நொடிகள் இருக்கும். மிக நீண்ட பத்து நொடிகள். அந்த மௌனத்தை ஒரு சமாதானத்தால் நிரப்பிவிட வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. அவரே பேசினார். “குரல் கொஞ்சம் தாமதமாக வந்துகொண்டிருந்தது, அவர் முடித்துவிட்டார் என்று நினைத்தேன்” என்றார். கொஞ்சம் கழித்து, “ஆனால் விலை என்றாலே எனக்குப் பதற்றம் வந்துவிடுகிறது, அதுவும் உண்மைதான்” என்றார். இந்த இரண்டில் எதையும் நான் ஊகித்திருக்கவில்லை. நான் மனதில் வைத்திருந்த காரணம், அவருக்குத் தன் அனுபவத்தின் மேல் உள்ள அதீத நம்பிக்கை என்பது. அதைச் சொல்லித் தொலைத்திருந்தால் உறவும் போயிருக்கும், காரணமும் தெரிந்திருக்காது. அடுத்த அழைப்புக்கு முன் விலைப் பட்டியலை இருவரும் சேர்ந்து ஒருமுறை பார்ப்பது என்று முடிவாயிற்று. யோசனை அவருடையது.

‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ என்ற இரு சொற்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ‘நீங்கள் எப்போதும் தாமதமாகவே அனுப்புகிறீர்கள்’ என்று சொன்ன மறுகணம், கேட்பவரின் மனம் நேரத்துக்கு அனுப்பிய ஒரு நாளைத் தேடத் தொடங்கிவிடும்; அது கிடைத்தும் விடும். அதன் பிறகு பேச்சு தாமதத்தைப் பற்றியதாக இல்லாமல், ‘எப்போதும்’ என்பது சரியா என்ற வழக்காக மாறிவிடும். அந்த வழக்கில் மேலாளர் தோற்பது உறுதி, ஏனென்றால் அவர் சொன்னது பொய்.

இப்படித் துல்லியமாகச் சொல்ல வேண்டுமானால் பார்த்ததைக் குறித்துவைக்க வேண்டியிருக்கிறது. ஒரு சிறிய குறிப்பேட்டில் தேதி, பெயர், நடந்தது என்று ஒரு வரி மட்டும் எழுதுவது என் வழக்கம். நல்லதும் எழுதுவேன், மற்றதும் எழுதுவேன். ஓராண்டு கழித்து அதைப் புரட்டியபோது எனக்கு நானே வெட்கப்பட வேண்டியிருந்தது. என் இருக்கைக்கு எதிரில் உட்கார்ந்திருந்த இருவரைப் பற்றி முப்பது நாற்பது குறிப்புகள் இருந்தன. வீட்டிலிருந்து வேலை செய்த ஒருவரைப் பற்றி ஆண்டு முழுவதற்கும் நான்கே குறிப்புகள். நான்கும் ஏதோ கோளாறு நேர்ந்த நாட்களுக்கு உரியவை. ஆண்டிறுதியில் அந்த நால்வரியை வைத்துக்கொண்டுதான் அவருக்கு நான் மதிப்பெண் போட்டிருப்பேன், அதுவும் நடுநிலையோடு போடுகிறேன் என்ற முழு நம்பிக்கையோடு. அதற்குப் பிறகு, எவர் பெயரில் குறிப்பு குறைகிறதோ அவருடைய வேலையை அந்த வாரம் நானே தேடிப் போய்ப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

பாராட்டிலும் இதே குறை உண்டு. ‘பிரமாதம்’, ‘சூப்பர்’, ‘நன்றாகச் செய்தீர்கள்’ என்பவை காதுக்கு இனிமையானவை. அடுத்த முறை எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதை அவை சொல்வதில்லை. ‘நீங்கள் அனுப்பிய சுருக்கத்தில், முடிவு எடுக்க வேண்டிய இரண்டு விஷயங்களை மேலே தனியாக வைத்திருந்தீர்கள்; கூட்டம் இருபது நிமிடத்தில் முடிந்ததற்கு அதுதான் காரணம்’ என்று சொன்னால், அடுத்த சுருக்கமும் அப்படியே வரும். எனக்குத் தெரிந்து வந்திருக்கிறது. குறையை இரண்டு பாராட்டுகளுக்கு நடுவே பொதிந்து கொடுக்கும் பழக்கத்தை மட்டும் நான் கைவிட்டுவிட்டேன். இரண்டு முறை அப்படிக் கேட்ட ஒருவர், மூன்றாவது முறை பாராட்டு தொடங்கியதுமே ‘ஆனால்’ எப்போது வரும் என்று காத்திருப்பார். பாராட்டு வீணாகும், குறையும் நடுவில் எங்கோ நசுங்கிப்போகும். பாராட்டத் தோன்றினால் அதற்கென்று ஒரு நாள் போய்ப் பாராட்டிவிட்டு வரலாம். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ஆண்டு மதிப்பீட்டைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது என்பதை மறைக்கப் போவதில்லை. மார்ச்சில் நடந்த தவறை டிசம்பரில் கேட்கும் ஒருவருக்கு அது கற்றுக்கொள்ளும் வாய்ப்பாகத் தோன்றாது. இத்தனை மாதம் இதை மனதில் வைத்துக்கொண்டா சிரித்துப் பேசினார் என்றுதான் தோன்றும். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் மதிப்பீட்டு நேர்காணல்களை ஆராய்ந்த ஹெர்பர்ட் மேயரும் அவருடைய சகாக்களும் 1965இலேயே இதை எழுதிவிட்டார்கள். நேர்காணலில் சராசரியைவிட அதிகமாகக் குறை கேட்டவர்கள், பத்துப் பன்னிரண்டு வாரங்கள் கழித்துத் தங்கள் இலக்குகளைப் பொதுவாகக் குறைவாகவே எட்டியிருந்தார்கள். சம்பளத்தைப் பற்றிய பேச்சையும் வேலையை மேம்படுத்துவது பற்றிய பேச்சையும் ஒரே நாற்காலியில் ஒரே நாளில் நடத்தாதீர்கள் என்பது அவர்கள் வந்தடைந்த முடிவுகளில் ஒன்று. உயர்வு எவ்வளவு என்று காத்திருப்பவரின் காதில் வேறு எதுவும் ஏறாது என்பதை, சம்பளம் வாங்கிய எவரும் ஒப்புக்கொள்வார்.

மதிப்பெண்களின் கதையோ இன்னும் பழையது. படை அதிகாரிகளுக்கு மேலதிகாரிகள் அளித்த மதிப்பெண்களை ஆராய்ந்த எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர், உடல் தோற்றம், அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் என்ற தனித்தனி இயல்புகளுக்கான மதிப்பெண்கள் நம்ப முடியாத அளவு ஒன்றோடொன்று ஒத்துப்போவதை 1920இல் சுட்டிக்காட்டினார். ஒருவரைப் பொதுவாகப் பிடித்துவிட்டால் எல்லாமே உயர்ந்துவிடுகிறது. 2000இல் வெளியான மற்றோர் ஆய்வில், சில ஆயிரம் மேலாளர்களுக்கு மேலதிகாரிகள், சகாக்கள், கீழுள்ளோர் அளித்த மதிப்பெண்களைப் பிரித்துப் பார்த்தபோது, வேறுபாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு மதிப்பிடுபவரின் தனிப்போக்கால் வந்தது என்று தெரிந்தது. மதிப்பெண் தாள், அதில் பெயர் உள்ளவரைவிட அதை நிரப்பியவரைப் பற்றி அதிகம் சொல்கிறது என்று பொருள். அடோபி நிறுவனம் 2012இல் ஆண்டு மதிப்பீட்டைக் கைவிட்டு அவ்வப்போது பேசும் முறைக்கு மாறியது. மைக்ரோசாஃப்ட் 2013இல் ஊழியர்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் முறையை விட்டது. படிவத்தை மாற்றிவிட்டால் பேச்சு தானாக நல்லதாகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் என் குழுவில் ஆண்டிறுதிப் படிவத்தில் எழுதப்படும் எந்த வரியும் அந்த ஆண்டில் ஏற்கெனவே நேரில் பேசப்பட்டதாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்திருக்கிறேன். புதிதாக எழுதத் தோன்றினால், அது நான் பேசத் தவறியதன் சாட்சி.

இடித்துரைத்தல் என்று ஓர் அழகான சொல் நம்மிடம் இருக்கிறது. பழைய வழக்கில் அது பெரும்பாலும் அமைச்சர் அரசனுக்குச் செய்வது, நண்பன் நண்பனுக்குச் செய்வது. மேலிருந்து கீழே விழும் ஏச்சுக்கு அந்தப் பெயர் இல்லை. இன்றைய அலுவலகங்களில் அந்தத் திசை அரிதாகிவிட்டது. மருத்துவமனைச் செவிலியர் குழுக்களில் மருந்து தருவதில் நேரும் பிழைகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருப்பதைக் கண்டு முதலில் குழம்பினார். அங்கே பிழைகள் அதிகம் நடக்கவில்லை, தயங்காமல் சொல்லப்பட்டன என்பது பிறகுதான் தெளிவாயிற்று. அந்த ஆய்வு 1996இல் வெளியானது. என் குழுவில் யாரும் என்னிடம் எந்தக் குறையும் சொல்லாதிருந்த ஆண்டுகளை, நான் நன்றாக நடத்துவதன் அடையாளமாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

‘என்னைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா?’ என்று கேட்டால் ஒன்றும் வராது. ‘நாளைய கூட்டத்தை நான் நடத்தும் விதத்தில் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்றச் சொல்வீர்கள்?’ என்று கேட்ட பிறகுதான் ஒருவர் வாய் திறந்தார். “நாங்கள் பேசும்போது நீங்கள் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுகிறீர்கள் மேடம். நான் ஒருமுறை வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திப் பார்த்தேன்; அப்போதும் தலையாட்டினீர்கள்.” எனக்குச் சுருக்கென்றது. குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன் என்று விளக்கம் சொல்லத் தோன்றியது, ஓரளவு உண்மையும்கூட. சொல்லியிருந்தால் அவர் என்னிடம் சொல்லும் கடைசிக் குறை அதுவாகவே இருந்திருக்கும். சூழல், செயல், விளைவு என்ற மூன்றும் அதில் எவ்வளவு கச்சிதமாக அமைந்திருந்தன என்று பிறகு வியந்துகொண்டேன். அவர் எந்தப் பயிற்சிக்கும் போனவர் அல்ல.

இனி, நான் இன்னும் சரியாகச் செய்யாத ஒன்று. விலைப் பேச்சில் இடைமறிப்பதாகச் சொன்னேனே, அந்தப் பெண்மணியின் அடுத்தடுத்த அழைப்புகளை நான் கேட்டேன், மாற்றம் தெரிந்தது, மனதுக்குள் மகிழ்ந்துகொண்டேன். அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். ஐந்து வாரம் கழித்து, வேறு ஏதோ கையெழுத்துக்காக வந்தவர், போகும்போது கதவருகே நின்று, “அன்று சொன்னீர்களே, இப்போது சரியாக இருக்கிறதா?” என்று கேட்டார். அத்தனை வாரங்களும் ஒவ்வொரு அழைப்பிலும் தன் வாயைத் தானே கட்டிப் பிடித்துக்கொண்டு, அது போதுமா போதாதா என்று தெரியாமல் அவர் இருந்திருக்கிறார். நான் பதில் சொன்னேன், எந்த அழைப்பில் எதைக் கவனித்தேன் என்பதையும் சேர்த்து. இப்போது குறிப்பேட்டில் யாரிடமாவது பேசியதை எழுதும்போது, அதே வரியின் ஓரத்தில் பதினைந்து நாள் தள்ளி ஒரு தேதியையும் எழுதிவிடுகிறேன். இந்த வாரத்தில் அப்படி மூன்று தேதிகள் இருக்கின்றன, ஒன்று நேற்றே கடந்துவிட்டது.